முக்காலி மட்டும் குற்றவாளி

ஜபருல்லாவின் கடைக்குக் கதவு கிடையாது. தோளில் ஒரு கம்பு. ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலைக்குப் போகுமுன் அவரிடம்தான் பசியாறுவார்கள். கடைவீடுகளின் முன்நடையான அஞ்சடியில் இறக்கிவைப்பார். சோறு தீர்ந்ததும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

1926இல் ஒரு காலை, போலீஸ் எல்லாவற்றையும் அள்ளிப் போனது; தூணோரம் கிடந்த முக்காலியையும் விடவில்லை. அஞ்சடியில் ‘மேசை, நாற்காலி, பெட்டி, பிற தடைகள்’ வைக்கக் கூடாதென்பது நகராட்சி விதி. தோற்றால் எல்லாம் பறிமுதல். கம்பு போனால் பிழைப்பு போயிற்று.

நான் தட்டச்சு செய்யும் அலுவலகத்து வக்கீல் வழக்கை ஏற்றார். ஜபருல்லாவுக்குத்தான் நம்பிக்கை இல்லை.

“கூட்டம் நின்னு வழிய அடைச்சது உள்ளதுதானே தம்பி? குத்தம்னு ஒத்துக்கிட்டு சட்டிய வாங்கிட்டுப் போறேன்லா.”

“ஒத்துக்கிட்டா சட்டி வராதுண்ணே,” என்றேன்.

கோர்ட்டில் வக்கீல் லத்தீனில் ஏதோ சொன்னார்: நாசிட்டர் எ சோசியிஸ். மொழிபெயர்ப்பாளர் அப்துல் ரஹீம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜபருல்லாவிடம் திரும்பினார்.

“ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம்னு, பக்கத்துல நிக்கிற சொல்லுங்கள வச்சுத் தெரிஞ்சுக்கணுமாம்.”

“என் பக்கத்துல நிக்கிறவனுங்கள வச்சுப் பாத்தா எனக்கு ஜெயிலுதான்.”

பின்வரிசையில் மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு சொல் பக்கத்துச் சொல்லுக்குச் சாயம் ஏற்றும் என்பது கவிதை வாசிக்கிறவனுக்குப் புதிதல்ல. சட்டத்துக்கும் அது தெரியும் என்பதுதான் புதிது.

மேசையும் நாற்காலியும் பெட்டியும் போட்ட இடத்தில் கிடப்பவை. அவற்றை ஒட்டி வரும் ‘பிற தடைகள்’ என்பதும் அப்படிக் கிடப்பவற்றையே சொல்லும். தோளில் வந்து தோளில் போவதை அல்ல என்றார் வக்கீல்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சான்றாகக் கிடந்த கம்பைக் காட்டி, மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார்: “தூக்கிக் காட்டச் சொல்.”

ஜபருல்லா கம்பைத் தோளில் ஏற்றிச் சுவர்வரை நடந்து திரும்பினார். ஒரு சட்டியும் ஆடவில்லை. அவரையும் கம்பையும் விடுவித்தார்கள்.

முக்காலிக்கு மட்டும் லத்தீன் உதவவில்லை. மூட்டைக்காரர்களில் முழங்கால் வலிக்காரரான பக்கிரிசாமி உட்கார்ந்து சாப்பிடுவதற்காக அஞ்சடியிலேயே போட்டுவைத்தது அது. நாற்காலிக்குச் சொந்தத் தம்பி, பறிமுதல்.

மறுநாள் பக்கிரிசாமி சாப்பிட வரவில்லை. படகுத்துறையில் அரிசி மூட்டைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜபருல்லா கம்போடு அங்கேயே போய் இறக்கினார்.

“என்னண்ணே, முக்காலி இல்லன்னு கோவமா?”

“எனக்குப் போட்டதாலதானே தம்பி உனக்குத் தொல்லை.”

“அட போங்கண்ணே. என் கடைக்குக் காலு இருக்குன்னு கோர்ட்டே பாத்துருச்சுலா. நீங்க ஏன் நடக்கணும்? மீனா, கறியா?”