மனுவில் எழுதிய பெயர்

அமெரிக்காவில், சான்டா கிளாராவில் அது என் இரண்டாவது வருடம். கணவரின் விசாவில் வந்தவள் நான். வேலைக்குப் போக அனுமதி இல்லை, கார் ஓட்டத் தெரியாது. நடந்து போகிற தூரத்தில் நூலகம் ஒன்றுதான் இருந்தது.

அன்று அங்கே கொரியாவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா பேசினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பதினைந்து வயதில், ஜப்பான் ராணுவம் அவரைப் பிடித்துப்போய்ச் சிப்பாய்களுக்காக ஓர் அறையில் அடைத்து வைத்ததாம். பெயரைக்கூட மாற்றிவிட்டார்களாம். ஐம்பது வருடம் வாய் திறக்காமல் இருந்தவர், இப்போது சொந்தப் பெயரைச் சொல்லி நியாயம் கேட்கிறார். உடன் வந்த பெண் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, கடைசி வரை எழுந்திருக்காமல் கேட்டேன்.

கடைசியில், ஜப்பான் அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற மனுவை அவரே கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார். என் கணவர் அடிக்கடி சொல்வது காதில் கேட்டது. "க்ரீன் கார்டு அப்ளை பண்ணிருக்கோம். வர்ற வரைக்கும் எதுலயும் சைன் பண்ணி மாட்டிக்காத."

மறுக்கவும் மனம் வரவில்லை. மாலதி என்று எழுதினேன். அது என் பெயர் இல்லை.

உடன் வந்த பெண் அதை வாசித்துக் காட்டினாள். அந்த அம்மா என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "மாலதி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சரிதானா என்பதுபோல் நிமிர்ந்தார். தலையாட்டினேன். இந்தப் பெயரை மறக்க மாட்டேன் என்றாராம்.

சாயங்காலம் கணவர், "லைப்ரரில என்ன பண்ண?" என்றார்.

"சும்மா படிச்சிட்டிருந்தேன்."

க்ரீன் கார்டு வந்து பல வருடம் ஆகிறது. இப்போது எந்த மனுவிலும் என் பெயரை முழுதாக எழுதுகிறேன். அந்த அம்மாவுக்கு மட்டும் நான் மாலதிதான்.