ஐம்பது மார்க்கும் ஒரு தமிழ்ப் புத்தகமும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மூன்று மாதம் எங்கள் வீட்டில் யாரும் அண்ணனிடம் தமிழில் பேசவில்லை. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, அப்பாவின் உத்தரவு. அண்ணன் அந்த வருஷம் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை எழுதவேண்டும். பாலக்காட்டில் காலேஜில் சேர இங்கிலீஷில் ஐம்பது மார்க்காவது வேண்டும், மற்றப் பாடம் எதிலும் முப்பத்தைந்துக்குக் குறையக்கூடாது என்று சித்தூர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அப்பாவின் காதில் முதல் பாதிதான் ஏறியது. வீட்டுக்கு வந்ததும் சுண்ணாம்பைக் குழைத்து, நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்தின் கதவில் பெரிதாக 50 என்று எழுதினார்.

தமிழ் காதில் விழுந்தால் படித்த இங்கிலீஷ் கலைந்துவிடும் என்பது அப்பாவின் கணிப்பு. அதனால் சோறு வேண்டுமா என்று அம்மா கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுவாள். அண்ணன் தலையாட்டுவான். குழம்பு, ரசம், மோர் எல்லாவற்றுக்கும் அம்மாவே ஜாடை கண்டுபிடித்திருந்தாள். அண்ணன் வரப்பில் நடந்தபடி இங்கிலீஷை உருப்போடுவான். வயலில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எதிர்ப்பட்டவர்கள்கூட அவனிடம் பேசப் பயந்து ஒதுங்கிப் போனார்கள். பாவம், நாளாக ஆக அவன் கன்னம் ஒட்டிப்போயிற்று. பத்தாயத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்த 50ஐ ஒருதரம் பார்த்துக்கொள்வான்.

அப்பா ஒருநாள் அவனுடைய தமிழ்ப் புத்தகத்தையும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

"தமிழு நம்ம ஊட்டுப் பேச்சு. அதையப் போயி ஆராச்சும் படிப்பாங்களா? கண்ணுல படாத எங்கியாச்சும் வையி."

அம்மா அதை என்னிடம் கொடுத்தாள். நான் கண்ணில் படாத இடத்தில்தான் வைத்தேன். பத்தாயத்தின் ஓரத்தில் விதைநெல்லுக்கென்று தனி அறை ஒன்று உண்டு. அதன் சின்னக் கதவை விதைப்புக்கு நாள் பார்க்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். நெல்லுக்குள் புத்தகத்தைப் புதைத்துவைத்து, அம்மா வயலுக்குப் போன நேரத்தில் உள்ளே தவழ்ந்து உட்கார்ந்து படித்தேன். என் பாடப் புத்தகத்தில் அணிலும் ஆடும்தான் இருந்தன. இதிலோ ஒரு வியாபாரி கப்பலில் போகிறான், புயல் வருகிறது, பாய்மரம் முறிகிறது. தெரியாத சொல் நிறைய. எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒருநாளைக்கு அரைப் பக்கம் நகர்வேன். நிறுத்தின இடத்தில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகிவைப்பேன்.

தமிழ்ப் பரீட்சைக்கு முந்தின நாள் அண்ணன் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டான். அப்பா பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டான்.

"அம்மிணி, என்ற தமிழ்ப் பொஸ்தகத்தப் பாத்தியா? ஒருக்கா பொரட்டிப் பாத்துட்டுக் குடுத்தர்றேன்."

கப்பல் அப்போது நடுக்கடலில் உடைந்துகொண்டிருந்தது. கொடுத்தால் திரும்பி வராது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"தெரியாதுங்கண்ணா" என்றேன்.

அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். நான் கொட்டகை மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் மறுபடி கேட்கவில்லை.

பரீட்சை முடிந்தது, சித்திரையும் போயிற்று. அண்ணன் எந்நேரமும் வீட்டிலேயே இருந்ததால் நான் பத்தாயத்துக்குள் போகவே முடியவில்லை. ஒரு மழை பெய்து மண் நனைந்ததும் நாற்றுவிட அப்பா நாள் பார்த்துவிட்டார். அதே நாளில்தான் மார்க்குப் புத்தகம் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஆள் வந்தது. காலையில் விதைநெல் எடுக்க பெரியவர்களில் அந்தச் சின்னக் கதவுக்குள் நுழையக்கூடியவன் அண்ணன் ஒருவன்தான். எங்கள் வீட்டில் விதைநெல்லை ஒரு மணி மிச்சமில்லாமல் கூட்டி எடுப்பார்கள். அறையில் தங்கினால் விளைச்சலும் வீடு வராமல் தங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

"சுத்தமாக் கூட்டிப்போட்டு வா" என்று அப்பா வெளியே கூடையோடு நின்றார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடை கூடையாக நெல் வந்தது. நடுவில் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.

"என்னடா பண்றே?" என்றார் அப்பா.

"தூசுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பிறகு விளக்குமாறு கூட்டும் சத்தம். அண்ணன் வெறுங்கையோடு வெளியே வந்தான். அப்பாடா என்று நான் தூணை விட்டேன்.

மத்தியானம் அவன் சித்தூரிலிருந்து திரும்பினான். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, எண் தெரியும். 54ஐக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகி, பத்தாயக் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு விரல் கீழே இறங்கியது.

"இதென்றா முப்பத்தொண்ணு?"

"தமிழுங்க. அது பத்தாதுங்களாமா. காலேஜில எடுக்க மாட்டாங்களாமா."

அப்பா மார்க்குப் புத்தகத்தை மூடினார். அவர் குரல் தணிந்தே இருந்தது. "செரி, போவுது. அடுத்த வருசம் இன்னொருக்கா எழுதிப்போடு. அந்தப் பொஸ்தகத்தக் கொண்டா, அப்பிடி என்னதான் இருக்குதுன்னு பாக்கலாம்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அண்ணனும் என்னைப் பார்த்தான்.

"அம்மிணிகிட்ட இருந்து நாந்தானுங்க வாங்குனேன். பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு ஆத்துல எறிஞ்சு போட்டனுங்க."

படித்த புத்தகத்தை ஆற்றில் எறிவதா! காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு எங்கள் வீடு. அப்பா அவனை ஓங்கி அறைந்தார். அதற்கு முன்பு அவர் அவனை அடித்து நான் பார்த்ததில்லை.

"பொஸ்தகத்த எறிஞ்சவனுக்குப் படிப்பு எதுக்கு? நாளைக்கிருந்து ஏரப் புடி."

அன்று சாயங்காலமே நான் சின்னக் கதவுக்குள் தவழ்ந்தேன். அறை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் நெல் சின்னக் குவியலாகக் கிடந்தது. கைவிட்டுப் பார்த்தேன். புத்தகம் இருந்தது, ஈர்க்குச்சியும் இருந்தது. அந்த மூலையை அண்ணன் கூட்டாமல் விட்டது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் அண்ணனிடம் இன்னொரு புத்தகமும் இருந்திருக்கிறது! அதை எனக்குத் தராமல் ஆற்றில் போட்டிருக்கிறான்!

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவன் ஏரை அவிழ்த்துவிட்டு வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தான். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன. கஞ்சித் தூக்கோடு நின்ற என்னிடம் தலை நிமிராமல் கேட்டான்.

"கப்பல் கரை சேந்துச்சா, அம்மிணி?"

"உனக்கெதுக்கு? நீதான் ஆத்துல போட்டுட்டியே" என்றேன், ஒரு 'ங்க' கூடப் போடாமல்.

அவன் சிரித்துக்கொண்டு கஞ்சியை வாங்கிக்கொண்டான். நான் அந்தக் கப்பல் கதையிலேயே நிற்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.