ஆவணியில் இல்லாத களப்பு

"பிடிங்க," என்றாள் சுஜாந்தி. காய்ந்த மண்ணைக் கிளறி எடுத்த சிப்பியைக் கணவனின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மடக்கிவிட்டாள். "இது என்ன, தென்னந்தோட்டத்தில காய்க்கிறதா?"

கிரிசாந்த் சிப்பியைப் புரட்டிப் பார்த்தான். மகள் லோஜினி கொப்பியில் எழுதினாள்: பதினாலாவது இடம், சிப்பி, மூன்று.

புரட்டாதிப் பௌர்ணமி, போயா விடுமுறை. சோற்றுப் பொதியும் இரண்டு போத்தல் தண்ணீருமாக ஆறரைக்கே மூவரும் உடப்பு ஊரிலிருந்து கடலை ஒட்டிய களப்பின் ஓரமாக நடக்கத் தொடங்கியிருந்தார்கள். நீர் வற்றி நடுவில் ஒரு சாம்பல் பட்டையாகக் கிடந்தது. கரையெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"குடும்பத்தோட டிரிப்பா?" என்று வழியில் ஒருவர் கேட்டார்.

"ஓம். இவருக்குக் களப்பைக் காட்டக் கூட்டிக்கொண்டு போறன்," என்றாள் சுஜாந்தி, நிற்காமல்.

கரையில் சிவப்புக் கட்டைகள் அடித்திருந்தார்கள். கொழும்புக்காரர் ஒருவர் இறால் பண்ணைக்கு நாற்பது ஏக்கர் கேட்டிருந்தார். மழைத் தண்ணீரைக் களப்புக்குக் கொண்டுவரும் ஓடையின் வாய் அந்த நாற்பதுக்குள் இருந்தது. ஆவணியில், தீமிதிப்பு முடிந்த வாரம், அதிகாரிகள் இடம் பார்க்க வந்தார்கள். மீனவர் சங்கச் செயலாளர் என்று கிரிசாந்த்தையும் கூப்பிட்டார்கள். ஓடை வாயில் அவன் சப்பாத்தோடு நின்றான். சப்பாத்து நனையவில்லை. இது நீர் நிற்கும் இடமல்ல என்ற கடிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். யாரும் அவனுக்கு எதுவும் தரவில்லை. ஒரு சோடா தந்தார்கள்.

ஆட்சேபம் தெரிவிக்க நாளை கடைசி நாள். அதற்குள் நீர் நின்ற தடங்களைக் கொப்பியில் சேர்க்கவேண்டும்.

சுஜாந்திக்கு முப்பத்தாறு வயது. பத்து வயதில் தாயோடு களப்பில் இறங்கியவள். இடுப்புக் கயிற்றில் பானை மிதந்துவர, முழங்கால் நீரில் குந்தி நகர்ந்து, சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிப்பாள். கெளிறு மீனின் முள் ஏறிய கால் விரலொன்று இன்றைக்கும் மடங்காது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் தவறினாள். பண்ணையொன்றில் இறால் தலை கிள்ளும் வேலைக்குப் போனாள். நோய் வந்து பண்ணையை மூடினார்கள். முதலாளி போய்விட்டார், குழிகளும் நாற்றமும் மிஞ்சின. அவள் களப்புக்கே திரும்பினாள். கிரிசாந்த் கரைவலைக்காரன். கடலுக்குப் போகிற ஆண்கள் களப்பில் கால் வைப்பதில்லை. அது பெண்களின் சேறு.

"அண்டைக்குத் தண்ணி இல்லத்தானே," என்றான் அவன். "நான் பொய்யா சொன்னன்?"

"ஆவணியில களப்பே இல்ல. அப்ப களப்பும் இல்லையெண்டு எழுதிக் குடுங்களன்."

"போட்ட கையெழுத்த மாத்தினா ஊரில என்ன கதைப்பாங்க?"

"கரவலைக்காரனுக்குக் களப்பில என்ன வேலையெண்டு கதைப்பாங்க. ஏன் காத்திருக்கோணும்? நானே கதைக்கிறன்."

லோஜினி சிரித்துவிட்டாள்.

"நீ எழுது," என்றான் தகப்பன்.

ஓடையின் காய்ந்த தடத்தில் மேலே ஏறினார்கள். தெருவுக்கு அடியில் மதகு. அதன் சுவரில் சேற்றுக் கோடு. அப்பால் தென்னந்தோட்டங்கள். முட்கம்பி வேலியொன்றில் போன மாரியின் வெள்ளம் கொண்டுவந்த சருகும் பொலித்தீனும் ஒரே உயரத்தில் வரிசையாகத் தொங்கின. லோஜினி வேலியோடு ஒட்டி நின்று பார்த்தாள். அந்த வரிசை அவள் நெஞ்சுயரத்துக்கு வந்தது.

"இவ்வளவு தண்ணியும் எங்க போறது, அப்பா? கீழ வரம்பு கட்டினா?"

அவன் வேலியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். பிறகு கத்தினான்: "ஊரில இத்தனை பொம்பிளைகள் களப்பில இறங்குறீங்க. ஒருத்தியாவது எனக்குச் சொன்னீங்களா?"

"கேட்டீங்களா?" சுஜாந்தியின் குரல் அதைவிட உயர்ந்தது. "சங்கத்தில எங்களுக்கொரு கதிரை போட்டீங்களா? அதிகாரி மாத்தையாமார் வந்தா சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடத் தெரியும். அடுப்படியில நிக்கிறவளிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தெரியாது. ஓடை மூடினா உப்பு கரையாது. உப்பு கரையாட்டி இறால் ஏறாது. பிறகு நான் என்னத்தத் தடவுறது, உங்கட சோடாப் போத்தலையா?"

தென்னை நிழலில் சாப்பிட இருந்தார்கள். கிரிசாந்த் பொதியை அவிழ்க்கவில்லை. காலை நீட்டி மதகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆட்சேபத்தைத் தமிழில எழுதினா எடுப்பாங்களா?" என்று கடைசியில் கேட்டான்.

"எடுக்க வைப்பம். முதல்ல தின்னுங்க."

மறுநாள் ஒன்பது மணிக்குக் காரியாலயம் போனார்கள். அதிகாரி வெளி வேலையாகப் போயிருந்தார். லிகிதர் ஆட்சேபக் கடிதத்தையும் லோஜினியின் கொப்பியிலிருந்து எடுத்த போட்டோப் பிரதிகளையும் வாங்கினார். கோப்பிலிருந்த பழைய கையெழுத்தைக் காட்டி, இதுவும் உங்களுடையதா என்று கேட்டார். கிரிசாந்த் ஓம் என்றான். அவர் இரண்டையும் ஒன்றாகக் கோத்து, திகதி முத்திரை குத்தினார். பதில் எப்போது வரும் என்று தெரியாது என்றார். பதினொன்றரை பஸ்ஸில் திரும்பினார்கள். ஓடை வாயில் மூன்று லொறி மண் கொட்டியிருந்தது. நான்கு மணிக்கு இன்னொன்று வந்தது.