எடையில் தெரியாத தொப்பை

எடைமேடையில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் நான். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற சாலையில் மரவள்ளி லாரி, மக்காச்சோள டிராக்டர் எல்லாம் என் ஜன்னலுக்கு முன்னால் நின்று எடை போட்டுக்கொண்டுதான் போகும். இருபது வருஷமாகத் திரையில் வரும் எண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதி எழுதி, உலகத்தில் எடை ஒன்றுதான் பொய் சொல்லாது என்கிற திமிர் எனக்கு வந்துவிட்டது. அதே திமிரில்தான் என் உடம்பையும் எடைபோட்டு வைத்திருந்தேன். கல்யாணத்தின்போது அறுபத்தைந்து கிலோ, இப்போது எழுபது. யாராவது தொப்பையைப் பார்த்துச் சிரித்தால் இதைச் சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

கை கால் எல்லாம் குச்சிதான். வயிறு மட்டும் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தது. பேண்ட்டை அதற்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டதால் டெய்லரிடம் அளவு மாறவே இல்லை. எங்கள் பக்கம் ஆம்பிளைக்குத் தொப்பை விழுந்தால் யாரும் டாக்டரிடம் போகச் சொல்வதில்லை. "வசதி வந்துடுச்சி போல" என்று முதுகில் தட்டுவார்கள். எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான், மறைப்பானேன்.

போகியன்று பழைய அரைஞாண் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிது கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். முடிச்சுப் போடுவது என் மனைவி. போன வருஷம் கட்டிய அதே அளவுக்குக் கயிறு வெட்டி வந்து, தொப்புளுக்கு நேராக வைத்துச் சுற்றினாள். நாலு விரல் எட்டவில்லை.

"கொஞ்சம் எறக்கிக் கட்டேன்" என்றேன்.

"எறக்கிக் கட்டினா வயிறு இல்லன்னு ஆயிடுமா? ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டினு வாங்க."

"எடை ஒண்ணும் பெருசா ஏறல, போ" என்று சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவள் விடாமல் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். நான் கிழங்கு சீசன் முடியட்டும் என்று நழுவிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த மாதம் கல்வராயன் மலையில் ஒரு கறிவிருந்து. எங்கள் மேடைக்கு மரவள்ளி ஏற்றி வருகிற விவசாயி ஒருவர், மகளுக்குக் காதுகுத்து என்று வீடு தேடி வந்து கூப்பிட்டிருந்தார். நானும் மனைவியும் பஸ்ஸில் போனோம். இறங்கின இடத்திலிருந்து அவர் வீட்டுக்குச் செங்குத்தாக ஒரு மேடு. பாதி மேட்டில் யாரோ முட்டிக்காலை வைத்து நெஞ்சை அழுத்துவது போல இருந்தது. தாடை வரை வலி. சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. காலையில் பஸ் ஸ்டாண்டில் தின்ற போண்டா வேலையைக் காட்டுகிறது, வாயுதான் என்று முடிவு கட்டினேன். எப்படியோ பந்தலுக்குப் போய் உட்கார்ந்தேன்.

"ஒரு சோடா வாங்கினு வா. ஏப்பம் வந்தா சரியாப் பூடும்" என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். கடை பத்தடியில்தான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் நேராக விருந்துக்காரரிடம் ஓடினாள்.

"அண்ணா, வண்டிய எடுங்க. இவர ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும்."

எனக்கு வந்ததே கோபம். இலை போட்டாயிற்று, கறி வாசம் மூக்கைத் துளைக்கிறது. கூப்பிட்ட வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போவது அந்த மனுஷனை அவமானப்படுத்துவது இல்லையா? "ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போலாம். இன்னாத்துக்கு இப்டி ஊரக் கூட்டுற?" என்று அத்தனை பேர் முன்னால் அவளைத் திட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை.

"சோறு எங்கண்ணா ஓடிப் பூடுது? மொதல்ல ஏறுங்க" என்று விருந்துக்காரர் ஜீப்பை எடுத்துவிட்டார். பெற்ற மகளின் காதுகுத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அத்தனை வளைவுகளிலும் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். அந்த மனுஷனுக்கு நான் என்ன செய்தாலும் தீராது.

கள்ளக்குறிச்சியில் ஈசிஜி எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், சேலத்துக்கு அனுப்பினார்கள். இதயக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்த டாக்டரிடமும் நான் விடாமல் எழுபது கிலோவைச் சொன்னேன்.

"கிலோவ விடுங்க" என்றார். "தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு வேற, குடலச் சுத்தி உள்ள சேர்ற கொழுப்பு வேற. ஆம்பளைங்களுக்கு இந்த உள்கொழுப்புதான் ஜாஸ்தி சேரும். அது சும்மா இருக்காது. சர்க்கரைய ஏத்தும், பிரஷர ஏத்தும், கடைசில இதயத்துக்குப் போற குழாய அடைக்கும். உங்கள மாதிரி கை கால் ஒல்லியா இருக்கறவங்கதான் நமக்கு ஒண்ணும் இல்லன்னு வராமலே இருப்பாங்க. அங்கயே சாப்பிட்டுப் படுத்திருந்தீங்கன்னா, இப்ப நாம பேசிகிட்டு இருக்க மாட்டோம்."

காரில் ஊர் திரும்பும்போது சின்னசேலம் தாண்டியதும் அவளிடம் கேட்டேன். "சோடா கேட்டதுக்கு நீ எப்டி ஆஸ்பத்திரின்னு முடிவு பண்ண?"

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவள் அப்பா நைனார்பாளையத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"எங்கப்பாவும் உங்கள மாதிரிதான். கை காலு ஒல்லி, வயிறு மட்டும் இருக்கும். களத்துல உக்காந்துகினு, வாயு புடிச்சிக்கிச்சி, ஒரு சோடா வாங்கியான்னாரு. நான்தான் ஓடிப்போயி வாங்கியாந்தேன். குடிச்சாரு, ஏப்பம் வுட்டாரு, இப்ப தேவலன்னு படுத்தாரு. அப்புறம் எழுந்துக்கவே இல்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சாவுக்கு வந்தவங்க எல்லாரும், கேட்ட ஒடனே ஓடியாந்து குடுத்துச்சே, நல்ல பொண்ணுன்னு என்னச் சொல்லிகினே இருந்தாங்க" என்றாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்குப் பந்தலில் நான் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றபோதும் சொல்லவில்லை. இன்று நான் விடுகிற மூச்சு அவள் கொடுத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் பார்க்கிறார் என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். வீடு வரும்வரை நான் விடவில்லை.