கிளியர் என்று ரஜனி சொன்ன நிலம்

வேலைத்தளத்தில் எங்கள் கைப்பேசிகளைப் பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள். மதிய இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ரஜனி காலையிலேயே வவுனியாவில் காலமாகிவிட்டார். சிறுநீரக நோய் முற்றிவிட்டதென்று அறிந்திருந்தும் மனம் ஏற்கவில்லை. அவரோடு முழங்காலிட்டு மிதிவெடி எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனால் எங்கள் குழுவுக்குத் தலைவி. ‘கிளியர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் அவருக்கிருந்த கண்டிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். துணுக்காய் பஸ் நடத்துநருக்கு ரோட்டு கிளியர். மழை விட்டால் வானம் கிளியர். வழக்கு முடிந்தால் கேஸ் கிளியர். சாப்பாட்டுப் பெட்டி காலியானாலும் நாங்கள் அதைத்தான் சொல்வோம். ரஜனி விடமாட்டார். “அக்கா, அந்தச் சொல்லைச் சும்மா சொல்லிப் பழகினா, சொல்ல வேண்டிய இடத்திலயும் சும்மா வந்திடும்” என்பார். இனி இங்கே வெறுங்காலோடு நடக்கலாம் என்பது மட்டுமே அவருக்கு அதன் பொருள்.

முள்ளியவளைப் பக்கம் ஒரு காணி. மகளுக்கு அங்கே வீடு கட்டிக்கொடுக்க வேண்டுமென்று அதன் சொந்தக்காரர் தினமும் சைக்கிளில் வந்து, எல்லைக் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்ப்பார். அவருடைய அவசரம் எனக்கும் தொற்றிவிட்டது. நான் தோண்டவேண்டிய பாதையில் ஒரு பனை அடிக்கட்டை இருந்தது. சுற்றிவரத் தோண்டினேன், வேருக்குக் கீழே தோண்டாமலே “கிளியர்” என்றேன்.

ரஜனி வந்து குந்தினார். கோபிக்கவில்லை. “அக்கா, இதிலை உங்கடை சின்னவளை ஓடி விளையாட விடுவியளோ?”

நான் தோண்டாமல் விட்ட வேரடியைப் பார்த்தேன்.

“அப்ப நான் பாக்கிறன். நீங்கள் தள்ளி நில்லுங்கோ.”

ஒரு மணித்தியாலம் வேர் வேராக மண்ணைச் சுரண்டினார். வேர்களுக்கிடையே, உள்ளங்கையளவில், பச்சையாக ஒன்று தெரிந்தது. அவருடைய கை நடுங்கவில்லை. அப்படியொரு கையை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

காணியை ஒப்படைத்த நாளில் ரஜனி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மூலைக்கு மூலை தானே முதலில் நடந்தார். பிறகுதான் சொந்தக்காரரைப் பார்த்து, “ஐயா, கிளியர்” என்றார். மனுசன் அழுதுவிட்டார். அடிக்கட்டை இருந்த இடத்தில் இப்போது அந்த மகள் சமைக்கும் குசினி இருக்கிறது.

“உமக்குப் பயமெண்டதே இல்லை” என்று அன்று அவரிடம் சொன்னேன்.

“ஆர் சொன்னது? ஒவ்வொரு நாளும் பயத்தோடதான் குந்திறன். பயம் விட்ட அண்டைக்கு வீட்டை போயிடோணும், அக்கா.”

செத்தவீட்டில் எல்லாரும் அவருடைய துணிச்சலையே பேசினார்கள். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் பயத்தைத்தான். அவருடைய குழு இப்போது என் பொறுப்பில். நாளை காலையும் அந்தப் பயத்தோடுதான் முழங்காலிடுவேன்.