அம்மாவின் கண்ணாடிக்கு இரண்டு போல்ட்டு

எங்கள் காரைக்குடி வீடு ஏழு பங்காளிகளுக்குப் பொது. எல்லாரும் கூடிச் சம்மதிக்காமல் பொதுச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. அதனால், கல்யாணச் சீராக அம்மா தந்த ஆளுயரக் கண்ணாடி பத்தொன்பது வருஷம் பழைய போர்வைக்குள் படுத்துக் கிடந்தது. அம்மா இப்போது இல்லை. அவள் தந்ததில் உடையாமல் மிஞ்சியது அது ஒன்றுதான்.

போன வருஷம் எங்கள் பங்கு ஹாலை ஜிப்சம் போர்டு வைத்துத் தடுத்து ஒரு படுக்கையறை எடுத்தோம். தடுப்பு எங்களுடையது, கேட்க ஆளில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து ஆணியை வளைக்கும் சுவர்களையே பார்த்தவர். மூன்றங்குல ஆணியை வைத்து ஓங்கி ஒரு போடு போட்டார். அப்பளத்தில் இறங்குவதுபோல் இறங்கி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மனுஷன் அதைவிடப் பெரிய ஆணி தேடக் கிளம்பினார். சுத்தியலைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

"கண்ணாடி உடைஞ்சுச்சுன்னா நான் தேவகோட்டைக்கு, பொறந்த வீட்டுக்கே போயிருவேன், பாத்துக்கங்க."

ஹார்டுவேர் கடைக்காரர் முதலில் எடை கேட்டார். யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்து, இவரைக் கண்ணாடியோடு எடை மெஷினில் ஏற்றி, பிறகு இவரை மட்டும் ஏற்றிக் கழித்தோம். கண்ணாடி இருபத்திரண்டு கிலோ. இவர் எடையை நான் வெளியே சொல்வதாக இல்லை.

மறுபடி கடைக்குப் போய் இவர், திருகாணிக்காகத் துளையில் சொருகும் பிளாஸ்டிக் பிளக் கேட்டார். அது செங்கல் சுவருக்கு, போர்டுக்குப் பின்னால் வெறும் காற்றுதான் என்று சொல்லி, கடைக்காரர் விரல் நீளத்தில் ஒரு போல்ட்டை எடுத்தார். நுனியில் ஸ்பிரிங் வைத்த இரண்டு இறக்கைகள். ஒரு கொக்கியைக் கோர்த்து, இறக்கைகளை மடக்கி, கடையில் வைத்திருந்த போர்டுத் துண்டின் துளைக்குள் விட்டார். அந்தப் பக்கம் டக்கென்று விரிந்துகொண்டது. இறுக்கிவிட்டு, இருபது லிட்டர் பெயிண்ட் வாளியைத் தொங்கவிட்டார். வாளி அசையவில்லை. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"ஒண்ணு மட்டும், ஆச்சி. கழட்டுனீகன்னா இறக்கை உள்ளயே விழுந்துரும். எங்கன மாட்டணும்னு நல்லா யோசிச்சுக்கங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? பத்தொன்பது வருஷமாக யோசித்தாயிற்று. ஜன்னலுக்கு எதிரே இவர் இரண்டு துளை போட்டார். சுவருக்குள் டக், டக். இறுக்கினார். இருவருமாகத் தூக்கி மாட்டினோம்.

இவர் டிரில்லைத் துடைத்து வைத்தார். தூளைப் பெருக்கினார். காபியும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னும் எதுக்குக் கையைக் குடுத்துக்கிட்டு நிக்கிற?"

அப்போதுதான் பார்த்தேன், என் இரண்டு கைகளும் சட்டத்தின் அடியில் இருந்தன. எடுக்கப் பயமாக இருந்தது. மெல்ல ஒரு கையை எடுத்தேன், பிறகு மற்றதை. பிடித்திருப்பது விரல் நீள இரும்பு இரண்டு, அதற்குப் பின்னால் வெறும் காற்று. அம்மாவின் கண்ணாடி அப்படியே நின்றது. நான்தான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.