பத்துக் கையெழுத்துக்காகத் திருமங்கலம் போன கதை

என் பதவி உயர்வுக் கோப்பு மூன்று வருஷமாக நகரவில்லை. ஒரே ஒரு காகிதம் குறைகிறது என்றார்கள்: ஐந்து நாள் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிலரங்கில் முழுதாக இருந்ததற்கான சான்றிதழ். அதனால் கடந்த மாசி மாதக் கடைசி வாரம், திருமங்கலத்தைத் தாண்டி இருக்கும் ஒரு கல்லூரியில் 'பணித்திறனும் மனநலமும்' என்று பயிலரங்கு அறிவித்ததுமே முதல் ஆளாகப் பதிந்துவிட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை. காலையில் ஒரு கையெழுத்து, மதியம் ஒரு கையெழுத்து, மொத்தம் பத்து. ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் கிடையாது. இடி விழுந்தாலும் பத்தையும் போட்டுவிட்டுத்தான் திரும்புவது என்று கிளம்பினேன்.

நான் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். துறையின் வருகைப்பதிவுப் பொறுப்பும் என் தலையில்தான். எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. முதல் பீரியடுக்கு வராவிட்டால் அரை நாள் போச்சு. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, வருகை குறைந்த பதினோரு பேர் பட்டியலில் கையெழுத்துப் போட்டுத் துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டேன். வெள்ளி மாலை நாலு மணிக்கு அது முதல்வர் அறைக்குப் போகும். போனால் போனதுதான், ஒரு வருஷம் போச்சு. பட்டியலில் முதல் பெயர் கார்த்திகா. மூன்றாம் வருஷம், அறுபத்தெட்டு சதவீதம். நன்றாகப் படிக்கிற பெண், ஆனால் வாரத்தில் நாலு நாள் தாமதம். மணி பார்க்கத் தெரியாதவளுக்குப் படிப்பு எதற்கு என்று எரிச்சல்தான் பட்டேன், வருத்தப்படவில்லை.

ஞாயிறு மாலை நாலரைக்கு ஆண்டிபட்டியில் ஏறி, ஆறே காலுக்கு மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கினேன். அறுபது கிலோமீட்டர், ஐம்பத்தெட்டு ரூபாய். பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜ், தனி அறை நாளுக்கு அறுநூற்றைம்பது. தேனிப் பேருந்துகள் அங்கேதான் வந்து நிற்கும், திரும்பிப் போகச் சுலபம் என்று அங்கே தங்கினேன். தங்குவது ஓரிடம், வகுப்பு இன்னோரிடம் என்றால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அதுதான் முதல் தப்பு.

தினமும் என் பாதை இதுதான். காலை ஏழே முக்காலுக்கு ஆரப்பாளையத்திலிருந்து பெரியார் நிலையம், கால் மணி நேரம். அங்கிருந்து திருமங்கலம் இருபது கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிஷம். சாதாரணப் பேருந்தில் ஏறினால் பெண்களுக்குக் காசு இல்லை. திருமங்கலத்திலிருந்து நெடுஞ்சாலையில் ஆறு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஒன்பதே காலுக்கெல்லாம் கல்லூரி வாசல். ஒன்பது நாற்பதுக்கு வருகைத் தாளை எடுத்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலை முழுக்கக் குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, மறுபடி பொன்னாடை. 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' என்ற அமர்வுக்கு மிச்சம் இருந்தது இருபத்தைந்து நிமிஷம். பயிற்சியாளர் அம்மா மூச்சை இழுத்து விடச் சொன்னார். கண்ணை மூடிய நாற்பது பேரில் பாதிப் பேர் மதியக் கையெழுத்துத் தாள் எங்கே இருக்கிறது என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

புதன்கிழமைதான் உருப்படியாக ஒன்று நடந்தது. இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். ஒருவர் மூன்று நிமிஷம் பேச வேண்டும், மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். எனக்கு ஜோடி ஜெசிந்தா மேடம், திண்டுக்கல் பக்கம் கணக்குப் பேராசிரியை, திங்கள் முதலே என் பக்கத்து நாற்காலி. நான் கார்த்திகாவைப் பற்றிப் பொரிந்து தள்ளினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை, எவ்வளவு சொல்லியும் திருந்தவில்லை, இப்படி. மூன்று நிமிஷம் முடிந்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏன் லேட்டா வருதுன்னு அந்தப் புள்ளகிட்ட கேட்டீங்களா மேடம்?"

"அதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லுவாங்க."

"கேட்டீங்களா?"

நான் கேட்டதில்லை. ஏன் லேட்டு என்று அதட்டியிருக்கிறேன், பதிலுக்கு நின்றதில்லை. அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை.

வியாழக்கிழமை வழக்கமான நேரத்துக்குத்தான் கிளம்பினேன். பெரியாரில் ஏறிய பேருந்து திருப்பரங்குன்றத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. சாலை முழுக்கக் கல்யாண வேன்கள், பட்டுச்சேலைகள், நாதஸ்வரம். எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. இறங்கி நடக்கலாமா என்று எழுந்தேன்.

"உக்காருங்கம்மா, நடந்து திருமங்கலம் போயிருவீகளா?" என்றார் நடத்துநர்.

"அண்ணே, ஒன்பது நாற்பதுக்குள்ள நான் கையெழுத்துப் போடணும்."

"மாசி மாசக் கடைசி முகூர்த்தம்மா. காலண்டரைப் பாக்காம கெளம்புனா பஸ்ஸு என்ன செய்யும்?"

அவரிடம் சண்டை போட முடியாது, அவர் சொன்னது நியாயம். கல்லூரிக்குள் ஓடி நுழையும்போது பத்தே கால். என் குற்றம் எதுவும் இல்லாமலே என் மூன்று வருஷக் காத்திருப்பு போச்சே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது. ஜெசிந்தா மேடம் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பதறாதீங்க. போட்டுட்டேன்."

"என்னத்த?"

"உங்க கையெழுத்தத்தான். ரெண்டு கோடு, ஒரு சுழி. அம்புட்டு லேசா இருக்கு."

நிம்மதிதான் முதலில் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். போன வருஷம் தோழிக்காக உள்ளேன் சொன்ன ஒரு பெண்ணை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று வாசலில் நிறுத்தியவள் நான். அது ஞாபகம் வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதன் பிறகு பயிற்சியாளர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கார்த்திகாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா நீ தினமும் லேட்டு? திட்டல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

"எழுதிக் குடுத்தேனே மேடம். பொங்கல் லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கே. நீங்க பைல்ல வச்சுக்கிட்டீங்க."

"மறுபடி சொல்லு."

"எங்க ஊருக்கு ஏழரைக்கு ஒரு மினிபஸ் வரும். அதை நிப்பாட்டிட்டாங்க. இப்ப முத வண்டியே எட்டே முக்காலுக்குத்தான். அது வந்து சேர பத்து ஆயிரும். யாராச்சும் வண்டியில ஏத்திக்கிட்டா அன்னிக்கு மட்டும் சீக்கிரம் வருவேன்."

அந்தக் கடிதத்தை நான் படிக்கவே இல்லை. வாங்கினேன், துளை போட்டேன், கோப்பில் சேர்த்தேன். நாங்கள் கல்லூரிக்காரர்கள் அப்படித்தான், காகிதம் கோப்பில் ஏறிவிட்டால் காரியம் முடிந்ததாக நினைப்பு. வெட்கமாக இருந்தது.

வருகை அறுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் இருந்து, காரணமும் தக்கதாக இருந்தால் பொறுப்பாசிரியர் பரிந்துரையில் விலக்கு வாங்கலாம். துறைத்தலைவர் சாயங்காலம்தான் போனை எடுத்தார். "நீங்க கையெழுத்துப் போட்ட லிஸ்ட்டு மேடம். நேர்ல வந்து நீங்கதான் திருத்தணும். நாளைக்கு நாலு மணிக்குள்ள" என்றார். நாளைக்கு நாலு மணிக்குத்தான் இங்கே சான்றிதழ் கொடுப்பார்கள்.

வெள்ளி காலை அறையைக் காலி செய்துவிட்டுப் பையோடு போனேன். முதல் அமர்வு முடிந்ததும் ஒருங்கிணைப்பாளரிடம் ஊருக்குப் போக வேண்டும் என்றேன். நல்ல மனுஷர், தாளை என் முன்னே நகர்த்தினார்.

"மத்தியானக் கையெழுத்தையும் இப்பவே போட்டுட்டுப் போங்க மேடம். சர்ட்டிபிகேட்டை ஜெசிந்தா மேடம் வாங்கி அனுப்பிருவாங்க. எல்லாரும் பண்றதுதானே."

பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். ஆசையாக இருந்தது. பத்துக் கையெழுத்தும் ஆச்சு, பிள்ளையையும் காப்பாற்றியாச்சு, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இதைப் போட்டுவிட்டுப் போய், பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் என் பெயரை எழுதக் கை வருமா? பேனாவை வைத்தேன்.

"சார், நேத்துக் காலையில நான் பத்தே காலுக்குத்தான் வந்தேன். அந்தக் கையெழுத்து என்னோடது இல்ல. அடிச்சிருங்க. யார் போட்டாங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். வாசல் வரை வந்த ஜெசிந்தா மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லது செய்யப் போன என்னைக் கள்ளியாக்கிட்டீங்களே" என்றார். மன்னிப்புக் கேட்டேன். ஆட்டோ கிளம்பும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

ஷேர் ஆட்டோக்காரரிடம் ஆரப்பாளையம் போய் ஆண்டிபட்டி போக வேண்டும் என்றதும் சிரித்தார். "எதுக்குக்கா மதுரையச் சுத்துறீக? திருமங்கலத்துலருந்தே உசிலம்பட்டிக்கு பஸ் இருக்கு. அங்கன எறங்கித் தேனி வண்டியப் பிடிங்க." பதினொன்று ஐம்பதுக்கு ஏறினேன். முப்பது கிலோமீட்டர் போல இருக்கும், இரண்டு பக்கமும் அறுத்த வயல், கருவேலம், வெயில். ஒரு மணிக்கு உசிலம்பட்டி. ஒன்று இருபதுக்குத் தேனி வண்டி, கணவாய் ஏறி இறங்கி இரண்டு மணிக்கு ஆண்டிபட்டி. ஆட்டோ பிடித்து இரண்டு இருபதுக்குக் கல்லூரி.

உள்ளே நடந்ததைச் சொல்வதற்கு முன், இதே மாதிரிப் பயிலரங்குக்குப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. வகுப்பு திருமங்கலத்தில் என்றால் திருமங்கலத்திலேயே தங்குங்கள். மேற்கேயிருந்து வருகிறவர்கள் உசிலம்பட்டி வழியாக வாருங்கள், மதுரைக்குள் நுழையவே வேண்டாம். கிளம்பும் முன் தினசரிக் காலண்டரில் முகூர்த்தம் பாருங்கள். முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் வழி போவதென்றால் ஒரு மணி நேரம் முன்னாலேயே புறப்படுங்கள். புதன்கிழமை மாதிரியான அமர்வு எந்தப் பயிலரங்கில் இருந்தாலும் தவற விடாதீர்கள், மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

நான் வரச் சொல்லியிருந்தபடி, துறை அறையில் கார்த்திகா நின்றுகொண்டிருந்தாள். விலக்குப் படிவத்தை எழுதி அவள் முன் நீட்டினேன். அவள் பேனாவைத் தொடவில்லை.

"நான் மட்டும்னா வேணாம் மேடம்."

"என்ன?"

"அந்த லிஸ்ட்டுல எங்க பஸ்ஸுல வர்றவங்க இன்னும் ஆறு பேரு இருக்காங்க. அவங்களும் எழுதிக் குடுத்தாங்க. அவங்களுக்கு இல்லைன்னா எனக்கும் வேணாம்."

சான்றிதழை விட்டுவிட்டு, மூன்று வண்டி மாறி, சாப்பிடாமல் வந்திருக்கிறேன். என்னிடமே நிபந்தனையா என்று சுள்ளென்று வந்தது. ஆனால் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஆறு பேருமே அறுபத்தைந்துக்கு மேல். அலமாரியைத் திறந்தேன். ஆறு கடிதங்களும் இருந்தன, துளை போட்டு, தேதி வரிசையில், மிக ஒழுங்காக.

மணி இரண்டே முக்கால். ஆறு பேரையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டேன். கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்து, காரணத்தை என் கையால் எழுதி, ஏழு படிவம் முடித்துத் துறைத்தலைவரிடம் கொடுக்கும்போது மூன்று ஐம்பத்திரண்டு. பட்டியலில் நாலு பெயர் மிச்சம். அறுபத்தைந்துக்குக் கீழே, என்னால் முடியவில்லை. அவர்களிடமும் காரணம் கேட்டேன். அதைத் தை மாதமே கேட்டிருந்தால் இரண்டு பேரையாவது காப்பாற்றியிருக்கலாம்.

எனக்குச் சான்றிதழ் வரவில்லை. கோப்பு இன்னும் அதே இடத்தில்தான். அடுத்த பயிலரங்கு அறிவித்தால் போவேன், விடுவதாக இல்லை.

கார்த்திகா கிளம்பும்போது நன்றி சொல்லவில்லை. நன்றி வாங்கிக்கொள்ளும் இடத்திலும் நான் இல்லை. வாசலில் திரும்பி, "மேடம், திங்கக்கெழமையும் அந்த பஸ் பத்து மணிக்குத்தான் வரும்" என்றாள்.

"தெரியும்மா. வந்ததும் நேரா உள்ள வந்து உக்காரு" என்றேன்.